செடித்தொட்டி கேனிஸ்டர் ஃபில்டர்: மீடியாவைத் தேர்ந்தெடுத்து அடுக்கும் முழுமையான வழிகாட்டி

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மீனோடு நீர்ச்செடி வளர்க்கும் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி (செடித்தொட்டி என்று நான் சொல்வது இதைத்தான்), நல்ல விளக்கு, சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்ஸைடு, எல்லாம் இருந்தும் இலை ஓரங்களில் கறுப்புத் தாடிப்பாசி விடவே இல்லை. தொட்டி முன்னால் உட்கார்ந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. வாலிஸ்னேரியா இலை ஒன்றுகூட ஆடவில்லை. ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியே வரும் அவுட்லெட் குழாயை வாளியில் விட்டு நேரம் பார்த்தோம். 5 லிட்டர் நிறைய 100 வினாடி ஆனது. அதாவது மணிக்கு 180 லிட்டர். ஃபில்டர் பெட்டியில் அச்சடித்திருந்தது 1200.

தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய பாத்திரமான கேனிஸ்டர் ஃபில்டரைத் திறந்தோம். தண்ணீர் முதலில் வந்து சேரும் அடி ட்ரேயில் வெள்ளைப் பஞ்சு. அது கறுத்து, கல்லில் தீய்ந்த அடை மாதிரி கெட்டியாகிக் கிடந்தது. அதற்கு மேல் மூன்று ட்ரேயிலும் விளிம்பு வரை அமுக்கி வைத்த செராமிக் ரிங். ஃபில்டருக்குள் அடுக்கும் இவற்றைத்தான் மீடியா என்கிறோம். எல்லாமே நல்ல மீடியாதான், விலையும் அதிகம். வரிசையும் அளவும்தான் தப்பு.

இதே தப்பைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். ஃபில்டர் என்றால் பாக்டீரியா, பாக்டீரியா என்றால் செராமிக், ஆகவே எவ்வளவு செராமிக் போட்டாலும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். மீன் மட்டும் நெருக்கமாக இருக்கிற தொட்டிக்கு அது ஓரளவு சரி. செடித்தொட்டியில் கணக்கு வேறு. அம்மோனியாவைச் செடிகளே நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன, அதனால் பாக்டீரியாவின் மேல் விழும் சுமை குறைவு. ஆனால் உதிர்ந்த இலை, வெட்டிய துணுக்கு, பாசித் துகள் என்று ஃபில்டரை அடைக்கும் குப்பை அதிகம். உரமும் கார்பன் டை ஆக்ஸைடும் ஒவ்வொரு இலைக்கும் போய்ச் சேர வேண்டுமானால் ஓட்டம் குறையவே கூடாது. அடுத்த சுத்தம் வரை ஓட்டத்தைக் காப்பாற்றும்படி மீடியாவை அடுக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

உதாரணத்துக்கு 90 × 45 × 45 செ.மீ. தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். கணக்குப்படி 182 லிட்டர். மண், கல், மரக்கட்டை போக உண்மையில் 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஃபில்டர் மூன்று ட்ரே உள்ளது, மணிக்கு 1200 லிட்டர் என்று போட்டது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வாளி (சோப்பு படாதவை, மீன் வேலைக்கு மட்டும்), 5 லிட்டர் கோடு போட்ட பாத்திரம், நேரம் பார்க்க ஃபோன், பிரெட் வெட்டும் ரம்பப்பல் கத்தி, மார்க்கர், பழைய பல்துலக்கி, சிலிகான் கிரீஸ், நுண்ணிய வலைப்பை ஒன்று, பழைய துண்டு இரண்டு. அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் புதுத் தொட்டியைத் தொடங்காதீர்கள். பிறகு வாங்கலாம் என்று தள்ளிப் போடுகிற பொருள் பெரும்பாலும் இதுதான்.

மீடியாவை மட்டும் இப்போதே வாங்க வேண்டாம். முதல் இரண்டு படி முடிந்த பிறகு வாங்கினால் போதும்.

1. தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீர் ஓரத்துக் குழாய் வழியாக நேரே அடிக்கு இறங்கி, அங்கிருந்து ட்ரே ட்ரேயாக மேலே ஏறி, மூடியில் இருக்கும் பம்ப் வழியாக வெளியே போகும். ஆக அடி ட்ரேதான் முதல் ட்ரே. நண்பர் வீட்டில் நடந்த தப்புக்குக் காரணம் இதுதான். மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது மேல் ட்ரே, அதுதான் முதலாவது என்று எண்ணி மேலிருந்து கீழாக அடுக்கிவிட்டார்.

ஈஹைம் கிளாசிக் போல ட்ரே இல்லாத உருளைகளிலும் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும். சில மாடல்களில் பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு ஸ்பாஞ்ச் நிற்கும். தண்ணீர் அதைத் தாண்டிய பிறகுதான் ட்ரேக்கு வரும். அப்படியானால் உங்கள் முதல் ஸ்பாஞ்ச் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் காலி ஃபில்டரின் இன்லெட்டில் (தண்ணீர் உள்ளே போகும் வாய்) கொஞ்சம் தண்ணீரை ஊற்றி அது எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். தெரிந்ததும் ஒவ்வொரு ட்ரேயின் பக்கத்திலும் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கைகள் ஈரமாக இருக்கும்போது அந்த எண் உதவும்.

2. காலி ஃபில்டரின் ஓட்டத்தை அளந்து எழுதி வையுங்கள்

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் ஸ்டாண்டின் உயரம், குழாயின் நீளம், வளைவுகள் எல்லாம் ஓட்டத்தைக் குறைக்கும். ஆகவே மீடியா எதுவும் இல்லாமல், காலி ட்ரேக்களோடு ஒரு முறை ஓட்டுங்கள். அவுட்லெட்டை 5 லிட்டர் பாத்திரத்தில் விட்டு வினாடியை எண்ணுங்கள். 18,000-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 20 வினாடி என்றால் 900.

பாத்திரத்தைத் தரையில் வைத்து அளக்கக்கூடாது. குழாய் தொட்டியின் மட்டத்தை விடக் கீழே இறங்கினால் சைஃபன் இழுப்பும் சேர்ந்துகொண்டு, எண் பொய்யாக உயரும். ஸ்டூல் போட்டு, பாத்திரத்தின் வாயைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மீடியா வைத்த பிறகு இதே அளவை மறுபடி எடுப்பீர்கள். அந்த இரண்டாவது எண்தான் இனி உங்கள் அடிப்படை எண். செடித்தொட்டிக்கு, மீடியாவோடு அளந்த ஓட்டம் நிற்கும் தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் நான் திருப்தியாக இருப்பேன். 150 லிட்டருக்கு மணிக்கு 600.

3. ஸ்பாஞ்ச்: இரண்டு வகை போதும்

ஸ்பாஞ்சின் நெருக்கத்தை பி.பி.ஐ. என்று சொல்வார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை துளை என்பது அதன் பொருள். எண் கூடினால் துளை சிறிதாகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, முதல் ட்ரேக்கு 45 பி.பி.ஐ. வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தே நாளில் அது அடைத்துக்கொள்ளும்.

முதல் ட்ரேக்கு 20 பி.பி.ஐ., அடுத்து 30 பி.பி.ஐ. இந்த இரண்டும் போதும். பெரிய துளை ஸ்பாஞ்ச் இலைத் துணுக்கையும் கனமான அழுக்கையும் தன் முழுக் கனத்திலும் பரப்பிப் பிடித்துக்கொள்ளும். நெருக்கமான ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் முகப்பிலேயே நிறுத்திவிடும், அங்கே ஓர் ஆடை படிந்து தண்ணீருக்கு வழி மூடிவிடும். ஆரம்பத்தில் பெரிய துளை, போகப் போகச் சிறிய துளை என்று வைப்பது இதற்காகத்தான்.

மெத்தைக் கடை ஃபோம் வேண்டாம். அதன் அறைகள் பல மூடியே இருக்கும். எது சரியான ஸ்பாஞ்ச் என்று தெரிந்துகொள்ள ஒரு துண்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். 20 பி.பி.ஐ. என்றால் தடையே இல்லாமல் காற்று மறுபக்கம் கையில் படும். கன்னம் உப்பினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்லெட் குழாயின் முனையிலும் ஒரு பெரிய துளை ஸ்பாஞ்சை மாட்டச் சொல்வேன். செர்ரி இறால் குட்டிகள் உள்ளே போகாது, இலைக்குப்பை வெளியிலேயே நிற்கும், கேனிஸ்டரைத் திறக்கும் வேலையும் அடிக்கடி வராது. ஆனால் வாரம் ஒரு முறை, தண்ணீர் மாற்றும் நாளில், அதைக் கழற்றிப் பிழிந்தே ஆக வேண்டும். பிழிய முடியாது என்றால் மாட்டாதீர்கள். ஃபில்டர் உள்ளே சுத்தமாக இருந்தாலும் வாசல் அடைத்தால் ஓட்டம் போய்விடும்.

4. பாக்டீரியா தங்கும் மீடியா: எது, எவ்வளவு

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பரப்புகளில் மெல்லிய படலமாக ஒட்டி வாழும். அவற்றுக்கு ஆக்ஸிஜன் கட்டாயம் வேண்டும். நுண்துளைகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும், ஆக்ஸிஜன் கொண்டுவரும் தண்ணீர் ஓடாத துளையால் பயன் குறைவு. ஸ்பாஞ்சிலும் இதே பாக்டீரியா குடியேறும் என்பதை மறந்துவிடுகிறோம். மண்ணிலும் கல்லிலும் செடியின் இலையிலும்கூட அது இருக்கிறது.

அதனால் நம் உதாரணத் தொட்டியில் 25, 30 சின்ன டெட்ரா மீன் இருந்தால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் செராமிக் போதும் என்பது என் அனுபவம். தங்கமீன் போன்ற அதிகம் தின்னும் மீன் இருந்தால் கூட்டுங்கள்.

எந்த மீடியா என்பதில் நான் பிடிவாதக்காரன் இல்லை. நுண்துளையுள்ள செராமிக் ரிங், சின்டர்டு கிளாஸ் (கண்ணாடித் தூளைச் சூட்டில் ஒட்டவைத்துச் செய்த நுண்துளைத் துண்டு), லாவா ராக் (எரிமலைக் கல்) மூன்றும் வேலை செய்யும். செராமிக் ரிங் வாங்கும்போது ஒரு சோதனை இருக்கிறது. காய்ந்த ரிங்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் துளை இருக்கிறது. முத்தாக நின்று உருண்டு ஓடினால் அது மேலே கண்ணாடி மாதிரி மூடிய ரிங். தண்ணீரைப் பரப்பிவிட முதல் ட்ரேயின் அடியில் போடலாமே தவிர, பாக்டீரியாவுக்கு வீடாக அது பெரிதாக உதவாது.

லாவா ராக் விலை குறைவு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. துண்டுகளாக எடுங்கள், ட்ரேயின் துளை வழியாக விழாமல் இருக்க வேண்டும். கடையில் பல கற்கள் கலந்து கிடக்கும் என்பதால் சில துண்டுகள் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்த கல். பவளத் துண்டு, சிப்பி, மார்பிள் சில்லு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். நம் ஊர் போர் தண்ணீருக்கு அது வேண்டவே வேண்டாம். செங்கல் துண்டு போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பொடி உதிர்ந்து, பம்பில் சுழலும் சிறு விசிறியான இம்பெல்லரைத் தேய்க்கும், தவிர்த்துவிடுங்கள்.

பயோ பால் என்ற முள் உருண்டை, தண்ணீர் சொட்டிச் சொட்டி இறங்கும் ஃபில்டருக்கு உண்டாக்கியது. மூழ்கியே இருக்கும் கேனிஸ்டரில் அது இடத்தை அடைக்கும் அளவுக்குப் பலன் தராது.

5. கெமிக்கல் மீடியா: பெரும்பாலும் வேண்டாம்

ஃபில்டர் வாங்கும்போதே கார்பன் பொட்டலம் ஒன்று கூட வந்திருக்கும். அதைப் போட்டே ஆக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். மருந்து போட்டு முடிந்த பிறகு அதை வெளியேற்றவும், மரக்கட்டையிலிருந்து வரும் தேநீர் நிறத்தை எடுக்கவும் கார்பன் உதவும். சில வாரத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும். அப்புறம் வெறும் கரித்துண்டு, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

செடித்தொட்டிக்கு நேர் எதிரானவை சில உண்டு. சியோலைட் என்ற கனிமம் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும், அது செடிக்கு உணவு, பாக்டீரியாவுக்கும் உணவு. புதுத் தொட்டியில் போட்டால் பாக்டீரியா வளர்வது தாமதமாகும். அதே தொட்டியில் பிறகு உப்பு போட்டால், பிடித்து வைத்ததைத் திரும்ப விட்டுவிடும். பாஸ்பேட் நீக்கி, நைட்ரேட் நீக்கி இரண்டும் நாம் உரமாக ஊற்றுவதையே ஒரு பக்கம் உறிஞ்சி எடுப்பவை. பாசி வந்ததும் பதறிப்போய் பாஸ்பேட் நீக்கி வாங்குகிறார்கள். சில வாரத்தில் செடி வளர்ச்சி நின்று, கண்ணாடியில் பச்சைப் புள்ளிப்பாசி இறுகப் பிடித்துக்கொள்கிறது.

தண்ணீர் பளிங்கு மாதிரி தெரிய வேண்டும் என்றால் பியூரிஜென் என்ற ரெசின் மீடியா வைக்கலாம். 100 மில்லி, 400 லிட்டர் வரை தாங்கும் என்கிறது அதைச் செய்யும் சீகெம். நம் தொட்டிக்கு அதுவே அதிகம். மணல் போன்ற உருண்டைகள் என்பதால் அதற்கென உள்ள நுண்வலைப் பையில்தான் போட வேண்டும். பாதாம் இலை போட்டு நிறம் வைத்திருப்பவர்கள் இதைத் தொடக்கூடாது, அந்த நிறத்தை முதலில் எடுப்பதே இதுதான்.

6. அடுக்கும் முன் கழுவுங்கள்

புது செராமிக்கை வாளியில் போட்டுக் கையால் அளைந்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக வரும். லாவா ராக் என்றால் செம்மண் தண்ணீர். தெளியும் வரை ஐந்தாறு தடவை மாற்றிக் கழுவுங்கள். சோம்பலில் இரண்டு தடவையோடு விட்டால் அந்தப் பொடி முழுக்கத் தொட்டிக்குப் போகும், இம்பெல்லர் குழிக்கும் போகும்.

புது மீடியாவுக்குக் குழாய்த் தண்ணீரே போதும், அதில் இன்னும் பாக்டீரியா இல்லை. பயன்படுத்திய மீடியாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை 10-ஆம் படியில் சொல்கிறேன்.

7. அடுக்குதல்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது.

*ஸ்பாஞ்சை வெட்டுவது.* ட்ரேயை ஸ்பாஞ்ச் மேல் கவிழ்த்து, மார்க்கரால் உட்புற அளவை வரையுங்கள். கோட்டில் வெட்டாமல், கோட்டுக்கு வெளியே 3 முதல் 5 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். ஸ்பாஞ்ச் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் ட்ரேயின் சுவரோடு இறுக நிற்கும். ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் ஸ்பாஞ்சைத் தொடாமல் அந்த வழியாகவே போய்விடும். எளிதான வழி இருக்கும்போது தண்ணீர் கஷ்டமான வழியில் போகாது. அழுக்கு பிடிக்காமல் சுத்தமாகவே இருக்கும் ஸ்பாஞ்சைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், ஓர இடைவெளி இருக்கிறதா என்று தேடுங்கள்.

*முதல் ட்ரே (அடி).* முழுக்க 20 பி.பி.ஐ. ஸ்பாஞ்ச். ஐந்து செ.மீ. கனத்தில் ஒரே துண்டாக வைப்பதை விட, இரண்டரை செ.மீ. கனத்தில் இரண்டு துண்டுகள் நல்லது. சுத்தம் செய்யும் நாளில் கீழ்த்துண்டை நன்றாகப் பிழிந்து, மேல்துண்டை லேசாக விடலாம். அதிலிருக்கும் பாக்டீரியா தப்பிக்கும்.

*இரண்டாம் ட்ரே.* அடியில் 30 பி.பி.ஐ. ஸ்பாஞ்ச் ஒரு துண்டு, அதன் மேல் செராமிக் அல்லது லாவா. ஸ்பாஞ்சைத் தாண்டி வந்த தண்ணீரில் கனமான அழுக்கு இருக்காது. அதனால் செராமிக்கின் துளைகள் சேறு படிந்து மூடிக்கொள்ளாமல் நீண்ட நாள் உழைக்கும்.

*மூன்றாம் ட்ரே (மேல்).* மீதி செராமிக், விளிம்புக்கு இரண்டு செ.மீ. குறைவாக. ஒரு கைப்பிடி செராமிக்கை மட்டும் சின்ன வலைப்பையில் கட்டி இங்கேயே வையுங்கள். நோய்பட்ட மீனுக்குத் தனித்தொட்டி வைக்க நேர்ந்தால், இந்தப் பையைத் தூக்கிப் போட்டால் அங்கே பாக்டீரியா தயார். பியூரிஜென் வைப்பதானால் அதன் பையும் இங்கேதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செ.மீ. கனத்தில் வெள்ளைப் பஞ்சு. தகடு மாதிரி அழுத்திச் செய்த பஞ்சாக இருக்க வேண்டும். தலையணைப் பஞ்சு மாதிரி உதிரியாகப் போட்டால் இழை பிரிந்து இம்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றி நின்றுபோன பம்பிலிருந்து சின்ன இடுக்கியால் இழை இழையாக எடுத்திருக்கிறேன். பஞ்சின் மேல் ட்ரேயின் மூடிச் சட்டம் கட்டாயம் இருக்கட்டும்.

பஞ்சைச் செராமிக்குக்கு முன்னால் வைக்கலாமே, செராமிக் இன்னும் சுத்தமாக இருக்குமே என்று சிலர் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் நடுவில் இருக்கும் பஞ்சை மாற்ற எல்லா ட்ரேயையும் தூக்க வேண்டும், தூக்க வேண்டும் என்றாலே தள்ளிப் போடுவோம், அதற்குள் அது அடைத்துவிடும். மேலே இருந்தால் மூடியைத் திறந்து இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

செராமிக்கைக் கொட்டி, ட்ரேயை இரண்டு தட்டு தட்டி, அது தானாக அமரும் அளவோடு நிறுத்துங்கள். கையால் அமுக்காதீர்கள். நான்காவது ட்ரே இருந்தால் அதிலும் 20 பி.பி.ஐ. ஸ்பாஞ்ச் வைத்து அடியில் சேருங்கள், இல்லையென்றால் காலியாகவே விடுங்கள். காலி ட்ரேயைப் பார்த்தால் மனசு கேட்காது, தெரியும். அந்த இடத்தில் தண்ணீர் நிதானமாகப் பரவி அடுத்த ட்ரேக்குப் போகிறது, அதுவும் ஒரு வேலைதான்.

ட்ரே இல்லாத உருளையில் அடியில் மழமழப்பான ரிங் ஒரு அடுக்கு, பிறகு பெரிய துளை ஸ்பாஞ்ச், அதன் மேல் செராமிக், கடைசியில் வெள்ளைத் தகடு, மேலே தடுப்புச் சட்டம்.

அடுக்கி முடித்ததும் ட்ரேக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்தி, ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் ஓரக்குழாய் ட்ரேயின் மூலை வழியாகப் போகிற மாடல்களில், அந்த மூலையை ஸ்பாஞ்ச் மூடாமல் வெட்டிவிட வேண்டும்.

8. மூடி, தண்ணீர் நிரப்பி, ஓட்டுங்கள்

மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் துடைத்து, ஒரு மணல்கூட ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து, சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம், சில ரப்பர்கள் அதில் ஊறி உப்பிவிடும்.

மூடிய பிறகு முதலில் தண்ணீர் நிரம்பட்டும், அப்புறம் சுவிட்ச். காற்றோடு ஓட்டினால் பம்ப் தேயும். ஓடத் தொடங்கியதும் உருளையை இரு பக்கமும் மெல்லச் சாய்த்து ஆட்டுங்கள், செராமிக்கில் சிக்கிய காற்று ‘குபுக்’ என்று அவுட்லெட் வழியாக வரும். மின்கம்பி சாக்கெட்டை விடக் கீழே தொங்கி மேலே ஏறும்படி இருக்கட்டும், கம்பி வழியாக ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். முதல் இரவு முழுக்க அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் ஒரு சின்ன ஈர வட்டம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது மறுபடி 5 லிட்டர் அளவு. நண்பர் வீட்டில் மாற்றி அடுக்கிய பிறகு 28 வினாடி வந்தது, அதாவது மணிக்கு 640 லிட்டர் சுமார். இந்த எண்ணையும் தேதியையும் ஸ்டாண்டின் கதவு உட்புறத்தில் எழுதி ஒட்டினோம்.

கார்பன் டை ஆக்ஸைடைச் சின்னக் குமிழிகளாக விடும் டிஃப்யூசரை இன்லெட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். குமிழிகள் உள்ளே போய் மேல் பஞ்சுக்கு அடியில் சேர்ந்து, பம்ப் கரகரக்கும், ஓட்டம் விழும். ஃபில்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் இதைப் பாருங்கள்.

9. முதல் ஆறு வாரம்

முதல் வாரம் மண் தூசியால் வெள்ளைப் பஞ்சு சீக்கிரம் அடைக்கும். மூன்றாம் நாள் ஒரு முறை, ஏழாம் நாள் ஒரு முறை மாற்றுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம்.

செடித்தொட்டிக்கென விற்கும் சத்துமண்ணான ஆக்வா சாயிலில் சில வகைகள் முதல் சில வாரம் அம்மோனியாவை வெளியிடும். மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியா ஏறியிருக்கிறதே என்று பயந்து மீடியாவைக் கழற்றிக் கழுவினால் அப்போதுதான் ஒட்டத் தொடங்கிய பாக்டீரியாவும் போய்விடும். தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டரை விடுங்கள். யாரிடமாவது ஆரோக்கியமான பழைய தொட்டி இருந்தால் அதன் ஸ்பாஞ்சைப் பிழிந்த பழுப்புத் தண்ணீரை வாங்கி வந்து உங்கள் இன்லெட் அருகே ஊற்றுங்கள். பார்க்க அழுக்காக இருக்கும், ஆனால் வாரக்கணக்கில் நேரம் மிச்சமாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு மீன்.

10. சுத்தம்: எதை, எப்போது

தேதி பார்க்க வேண்டாம், ஓட்டத்தைப் பாருங்கள். அடிப்படை எண் 28 வினாடி என்றால், அது 42 ஆனதும் சுத்தம். ஓட்டம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். செடித்தொட்டியில் இது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும். செடியை நிறைய வெட்டிய வாரத்துக்குப் பிறகு முன்னாலேயே வரலாம்.

பிளக்கைப் பிடுங்கி, குழாய் வால்வுகளை மூடி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் ஒரு வாளியில் வையுங்கள். ஸ்பாஞ்சை அதில்தான் பிழிய வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போட்டது. உங்கள் பாக்டீரியாவை அது தனியாகப் பிரித்துப் பார்க்காது. நான்கைந்து முறை பிழிந்து, பெரிய அழுக்கு போனால் போதும். புதுசு மாதிரி வெளுக்க வேண்டியதில்லை.

செராமிக்கை ஒவ்வொரு முறையும் கழுவாதீர்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, ட்ரேயோடு தூக்கி அதே தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுங்கள். ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவிய அன்று செராமிக்கைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இருக்கட்டும். செராமிக் உடையாமல் இருக்கும் வரை புதிதாக மாற்றத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி அட்டையில் போட்டிருந்தாலும் இதுதான் என் பதில். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

பம்ப் தலையைத் திறந்து இம்பெல்லரை எடுத்து, அது உட்காரும் குழியைப் பல்துலக்கியால் தேயுங்கள். மீடியா சுத்தமாக இருந்தும் ஓட்டம் திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இங்கே இருக்கும், இல்லாவிட்டால் குழாயின் உட்சுவரில் படிந்த வழவழப்பில்.

11. மின்வெட்டு

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கேனிஸ்டர் மூடிய பாத்திரம். ஓட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் பாக்டீரியா மீதி ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் தண்ணீரில், 30 டிகிரியில் 7.5 தான் கரையும்.

ஒரு மணி நேரம் என்றால் கவலை இல்லை. எப்போது வரும் என்று தெரியாத மின்வெட்டு என்றால், பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். நீங்கள் தூங்கும்போது மின்சாரம் வந்து, உள்ளே கெட்டுப்போன தண்ணீரைப் பம்ப் நேரே மீன்மேல் தள்ளாமல் இருக்க இது அவசியம். இரண்டு மணி நேரம் தாண்டினால் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, மீடியாவை ஈரத்தோடு காற்றுப் பட விடுங்கள். தேங்கிய தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதை விட ஈரக்காற்றில் பாக்டீரியா நன்றாகத் தாக்குப்பிடிக்கும். மின்சாரம் வந்ததும் தொட்டித் தண்ணீரால் நிரப்பி ஓட்டுங்கள்.

திறந்தபோது அழுகிய முட்டை வாசனை வந்தால், எல்லா ட்ரேயையும் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அடுத்த ஒரு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள், மீனுக்குத் தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஃபில்டரை அதில் சேர்த்துவிடுவது எல்லாவற்றையும் விடச் சுலபம். இந்த அளவு கேனிஸ்டர் பெரும்பாலும் 20 முதல் 35 வாட்தான் எடுக்கும், ஒரு மின்விசிறியை விடக் குறைவு. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் வகையில் பம்ப் இரைச்சலோடு சூடாகும். சேர்த்த அன்றே மெயினை அணைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, பம்ப் தலையில் கை வைத்துப் பாருங்கள்.